மாடிச் சுவரில் கவிழ்த்த பானை

அந்த அம்மா என்னிடம் ஒரு முறைகூட வாடகை கேட்டதில்லை. கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய அவருடைய லைன் வீட்டில் குடியிருந்த ஐந்து குடும்பங்களில் யாரிடமும் கேட்டதில்லை. மாடியில் அவர் தனியாக இருந்தார். கீழே வரிசையாக ஐந்து வீடுகள், ஐந்தாவது எங்களுடையது. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையலறை. ஐந்தாம் தேதிக்குள் நாங்கள் படியேறிப் போய், அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலிருக்கும் தாம்பாளத்தில் பணத்தை வைத்துவிட்டு வர வேண்டும். வைப்பதை அவர் பார்க்க மாட்டார். அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டீ போடட்டுமா தம்பி?" என்று கேட்பார்.

வைக்காதவர்களையும் அப்படியேதான் கேட்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மாட்டார். ஃபியூஸைப் பிடுங்க மாட்டார். பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஊரில் மற்ற வீட்டுக்காரர்கள் செய்கிற எதையும் அவர் செய்யவில்லை.

அவரிடம் ஒரு பானை இருந்தது. இரண்டு படி பிடிக்கிற எவர்சில்வர் பானை. கழுத்தில் பெயர் வெட்டியிருந்து, தேய்த்துத் தேய்த்து எழுத்து அழிந்துபோயிருந்தது. விடியற்காலையில் மாடிக் குழாயடியில் தேங்காய் நார் போட்டு அதைத் தேய்க்கும் சத்தம் கேட்டால் கீழே ஐந்து வீட்டிலும் பேச்சு நின்றுவிடும். தேய்த்து முடித்து, மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் அதைக் கவிழ்த்து வைப்பார். வெயில் பட்டதும் அது மின்னும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வெளியே வந்து, பல் தேய்ப்பதுபோல நின்று அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பாக்கி எத்தனை மாதம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு உள்ளே போவார்.

புதிதாகக் குடி வருகிறவர்கள் நல்ல நாளில் வந்து, பால் காய்ச்சிப் பொங்கவிட்ட பிறகுதான் அது அவர்கள் வீடு. எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அந்த அம்மா அதில் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தார். பானை கவிழ்ந்த மறுநாள், பழைய குடும்பம் காலி செய்யும் முன்பே புதுக் குடும்பத்தைக் கூட்டிவந்து, பழைய குடும்பத்தின் அடுப்பிலேயே பால் காய்ச்ச வைத்துவிடுவார்.

நான் முதலில் அதைப் பார்த்தது இரண்டாம் வீட்டில். அங்கே ஒரு பெயின்டர் குடும்பம் இருந்தது. வசூலுக்கு வந்த ஃபைனான்ஸ்காரனைச் சட்டையைப் பிடித்துத் தெருமுனை வரை இழுத்துப்போன ஆள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. பெயின்டர் தரையில் உட்கார்ந்து பழைய சோறு தின்றுகொண்டிருந்தார். வாசலில் ஒரு புருஷன், பெண்டாட்டி, கையில் தேங்காய் பழத் தட்டோடு ஒரு மாமியார். அவர்களுக்கு முன்னால் பானையோடு அந்த அம்மா.

"நீ சாப்புடுப்பா, எந்திரிக்காத. அஞ்சு நிமிசம். பால் காய்ச்சிட்டு போயிடுவாங்க."

பெயின்டர் எழுந்துவிட்டார். கை கழுவாமல் அப்படியே சுவரோரம் நின்றார். சத்தம் வரப்போகிறது என்று நான் என் வாசலில் காத்திருந்தேன். வரவில்லை. வந்த பெண் குத்துவிளக்கை ஏற்றினாள். தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. பெயின்டரின் மனைவிதான் தன் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது, பெயின்டர் எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் டம்ளரில் பால் கொடுத்தார்கள். அவருக்கும் கொடுத்தார்கள். குடித்தார்.

மதியத்துக்குள் வீடு காலி. போகும்போது அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாள்: "இன்னொருத்தி பால் பொங்கின அடுப்புல நாம ஒல வச்சா ஒட்டுமா? கொழந்தகுட்டிங்க கீது. வம்பு எதுக்குக்கா."

நான்காம் வீட்டில் இருந்த லாரி ஓட்டுநர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பானை கவிழ்ந்ததைப் பார்த்ததும் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். பூட்டின வீட்டுக்குள் யார் வந்து பால் காய்ச்சுவது? அந்த அம்மா பூட்டைத் தொடவில்லை. வாசற்படிக்கு எதிரே மூன்று செங்கல் வைத்து, சுள்ளி போட்டு, அங்கேயே காய்ச்ச வைத்தார். ஓட்டுநர் நான்கு நாள் கழித்து வந்தார். வாசலில் சாம்பலும், பால் வழிந்து காய்ந்த தடமும் இருந்தன. கையில் சாவியோடு வெகுநேரம் நின்றார். பிறகு சாமான்களை எடுப்பதற்காகத்தான் அந்தப் பூட்டைத் திறந்தார்.

அந்தக் காலத்தில் நான் ஒரு நாளிதழின் பகுதி நிருபர். சம்பளம் கிடையாது, வெளிவந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. வாடகைப் பாக்கிக்காக ஒருவரைக் காலி செய்யச் சொல்ல எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், கெடு தர வேண்டும், ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாடகை பாக்கி இல்லாத ஒரு மாதத்தில், அந்தத் தைரியத்தில், அவரிடமே கேட்டேன்.

"நோட்டீஸா?" என்றார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அது சண்ட போட்டுக்கறவங்களுக்கு தம்பி. நான் ஆரு கூட சண்ட போட்டேன்?"

 பொங்குகிற பாலுக்கு எதிராக எந்த நீதிமன்றத்தில் மனு கொடுப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த வருடம் சித்திரையிலிருந்து நாளிதழ் அலுவலகம் பணம் அனுப்புவதை நிறுத்தியது. அடுத்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்றார்கள். துணிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் மனைவி ஏழாம் மாதத்தோடு நின்றுவிட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் முறை. எங்கள் கல்யாணத்துக்கே வராத வீடு அது; அவள் போக முடியாது. என் அக்கா வடக்கனந்தலில் இருந்தாள். ஓர் அறை, அதில் படுத்த படுக்கையாக மாமியார், மொத்தம் ஆறு பேர்.

அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை. பாக்கி அந்த அட்வான்ஸைத் தின்று தீர்த்தபின் அந்த அம்மா இன்னும் கொஞ்சம் பொறுப்பார். பிறகு வருகிற முதல் முகூர்த்த நாள்தான் கெடு. இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஐந்து வீட்டுக்கும் தெரிந்திருந்தது. ஆனியோடு எங்கள் அட்வான்ஸ் தீர்ந்தது. ஆடி பிறந்தது.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். பாக்கிக்காரர்களுக்கு அது விடுமுறை மாதம். நாள், நட்சத்திரம் பார்க்கிறவர்களைக் கேலி செய்துகொண்டிருந்த நான், அந்த மாதம் முழுக்கத் தினசரி காலண்டர் முன்னால் நின்றேன். ஆடி முப்பத்திரண்டு நாள் வருகிற வருடமா, முப்பத்தொன்றா என்று பார்த்தேன். ஆவணியில் முதல் முகூர்த்தம் நான்காம் நாள். அடுத்தது அதற்கு ஏழு நாள் கழித்து. கடைசியாக மாதம் முடியும் வாரத்தில் ஒன்று. பிறகு புரட்டாசி, புரட்டாசியிலும் வீடு மாற மாட்டார்கள். ஆவணியின் மூன்று நாட்களைத் தாண்டிவிட்டால் ஐப்பசி வரை இருக்கலாம். ஆவணி இரண்டாம் வாரம் பிரசவம் என்று அரசு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

என் மனைவி சமையலறையைவிட்டு வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். அடுப்பின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். எதற்கு இந்தப் புழுக்கத்தில் இருக்கிறாய் என்று கேட்டால், "சும்மா" என்பாள்.

ஆவணி மூன்றாம் நாள் விடிகாலையில் மாடியில் தேங்காய் நார் தேய்க்கும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் விழித்திருந்தோம். ஒருவருக்கொருவர் தூங்குவதுபோலப் படுத்திருந்தோம். விடிந்ததும் வெளியே வந்து பார்த்தேன். பானை எப்போதும் வைக்கிற இடத்தில் இருந்தது. மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் பானையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்கள்.

மறுநாள் காலை எட்டுக்கு அவர்கள் வந்தார்கள். மலையிலிருந்து வந்த குடும்பம். வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஒரு ஊர். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், தோளில் சாமை மூட்டையோடு அவள் கணவர், புத்தகப் பையோடு ஒரு மகள். மகளுக்குக் கள்ளக்குறிச்சியில் கல்லூரி கிடைத்திருக்கிறது. அம்மாவும் மகளும் கீழே தங்க, அப்பா மலையில் மரவள்ளிக் கொல்லையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இதையெல்லாம் அந்த அம்மாவே எங்களுக்கு அறிமுகம் செய்வதுபோலச் சொன்னார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"நீ எந்திரிக்காத பொண்ணே. ஒக்காந்துகினே இரு. அவங்க பாட்டுக்கு காய்ச்சட்டும்."

 நான் ஏதாவது பேசியிருக்கலாம். விபத்து, வெட்டுக்குத்து, கள்ளச்சாராயச் சாவு என்று எத்தனையோ இடத்தில் போய் நின்று கேள்வி கேட்டவன் நான். அன்றைக்கு என் வீட்டில், வழியைவிட்டு விலகி நின்றேன்.

மலைப் பெண் விளக்கேற்றினாள். பானையில் பால் ஊற்றி, எங்கள் கேஸ் அடுப்பில் வைத்துத் திருகைத் திருப்பிப் பற்றவைத்தாள். பால் சூடாகும் வரை பேச ஒன்றுமில்லை. அவள் பார்வை என் மனைவியின் வயிற்றில் போய் நின்றது.

"எத்தினி மாசம் பாப்பா?"

"ஒம்போது முடியுதுக்கா."

"தாய் வூட்டுக்குப் போறியா?"

 வாசலில் நின்ற அந்த அம்மா சொன்னார்: "தலப்பிரசவம் அங்கதான பாக்கணும்? போவாங்க, போவாங்க."

"எப்ப காலி பண்றாங்க?"

"இன்னிக்கித்தான்."

மலைப் பெண் திரும்பி என் மனைவியைக் கேட்டாள். இந்த முறை மெதுவாக. "எங்க போற பாப்பா?"

"தெரியலக்கா."

பாலில் ஆடை கட்டி, ஓரத்தில் நுரை ஏறத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா ஓர் அடி உள்ளே வந்தார். நுரை பானையின் கழுத்துக்கு வந்தது. என் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அதற்குமேல் ஒரு விரல் அளவுதான் இருந்தது.

மலைப் பெண் திருகைத் திருப்பி அணைத்தாள்.

நுரை ஒரு பெருமூச்சுபோல உள்ளே இறங்கியது.

"பாலு சரியில்லீங்கம்மா," என்றாள். "தண்ணியா கீது. சகுனம் ஒரு மாதிரி தோணுது. நாங்க இன்னொரு நாளு வரோம்."

பால் தண்ணியாக இல்லை. அந்த அம்மாவே விடிகாலையில் மாட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்று கறந்து வாங்கிவந்த பால். அது அவருக்கும் தெரியும், மலைப் பெண்ணுக்கும் தெரியும். "அப்பிடியா," என்றார் அந்த அம்மா. முகத்தில் கோபம் இல்லை. மலைப் பெண் பாலை டம்ளரில் ஊற்றி என் மனைவியிடம் கொடுத்து, "குடி" என்றாள். மகளும் கணவரும் ஒன்றும் புரியாமல் சாமை மூட்டையை மறுபடி தூக்கிக்கொண்டார்கள். அந்த அம்மா காலிப் பானையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "அடுத்த நாளு எப்பன்னு பாக்கறேன்."

ஏழு நாள் கழித்து. எங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பகலில் என் மனைவிக்கு வலி கண்டது. அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தோம். பிறப்புத் தீட்டு பதினாறு நாள். தீட்டு வீட்டில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். அந்த அம்மாவின் வழக்கமே அவரைக் கட்டிப்போட்டது. இரண்டாம் முகூர்த்தம் வந்தது, போனது. பிள்ளையைப் பெற்ற சந்தோஷத்தைவிட, பதினாறு நாள் கிடைத்த நிம்மதிதான் எனக்கு முதலில் வந்தது. இதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவளும் அதையேதான் நினைத்தாளாம், பின்னாளில் சொன்னாள்.

அந்தப் பதினாறு நாளும் அந்த அம்மா எங்களுக்குச் சோறு போட்டார்.

காலையில் பூண்டுக் கஞ்சி. மதியம் மிளகு ரசம் விட்டுக் குழைத்த சோறு, சில நாள் பத்தியக் கருவாட்டுக் குழம்பு. ஆள் வைத்தா பார்க்க முடியும் என்று அவராகவே ஆரம்பித்தார். எல்லாம் அந்தப் பானையில்தான் வந்தது. படியில் அவர் காலடி கேட்கும்போதெல்லாம் என் மனைவி குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொள்வாள். பானை வாசலுக்கு வரும். அவர் படிக்கு வெளியே நின்று, தீட்டுப் பாத்திரத்தில் படாமல், உயரத்திலிருந்து ஊற்றுவார். ஒரு சொட்டு கீழே சிந்தாது.

ஒரு நாள் அப்படி ஊற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்கிறது என்றார். சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்றார். அதுவும் பணத்தைப் பற்றிய பேச்சு இல்லை. மாத்திரையைப் பற்றிய பேச்சு. பிறகு, யாரும் கேட்காமல், சொன்னார்.

"கல்யாணம் ஆன புதுசுல நாங்க ரிஷிவந்தியத்துல வாடகைக்கு இருந்தோம். நாலு மாசம் பாக்கி. வூட்டுக்காரன் வந்தான். ஒல கொதிச்சிக்கினு கீது, அரிசி போட்டு அர வேக்காடு. அப்பிடியே பானையோட தூக்கித் தெருவுல வீசுனான். சோறு தெருவெல்லாம். ஜனங்க பாத்துக்கினு நின்னாங்க. நாயி வந்து துன்னுச்சு. எங்க வூட்டுக்காரரு நாய்ங்களையே பாத்துக்கினு நின்னாரு. அப்புறம் அவரு மன்சன் மாதிரியே இல்ல."

என் மனைவி குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "இதான்... அந்தப் பானையாம்மா?"

"இதேதான். நெளிஞ்சி கெடந்துச்சு. தட்டி எடுத்தேன்." பானையைத் திருப்பி, அடியில் ஓர் இடத்தைக் காட்டினார். "அன்னிக்கே முடிவு பண்ணேன். எனக்குன்னு ஒரு வூடு வந்தா, எவ சட்டியயும் தொட மாட்டேன். எவனையும் தெருவுல நிக்கவச்சி கத்த மாட்டேன். நீயே சொல்லு பொண்ணே. நான் ஆரையாச்சும் கத்தியிருக்கனா? பால் காய்ச்சித்தான அனுப்பறேன்?"

அவர் கண்ணில் பெருமைதான் இருந்தது. அந்த ஐந்து வீட்டு வாடகையைத் தவிர அவருக்கு வேறு வருமானம் இல்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அன்று அவர் படியேறிப் போனதும், கஞ்சியைக் குடிக்க எங்களுக்கு வெகுநேரம் ஆனது.

பதினாறாம் நாள் வீடு கழுவி, ஐயரை வைத்துத் தீட்டுக் கழித்தோம். அந்த அம்மா மாடியிலிருந்து மாவிலை அனுப்பினார். ஆவணியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு முகூர்த்தம். அது இன்னும் இரண்டு நாளில். இத்தனை நாள் சோறு போட்டவர் புரட்டாசி வரை விட்டுவிடுவார் என்று நான் சொன்னேன். என் மனைவி குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகாலை, நார் தேய்க்கும் சத்தம்.

நான் வெளியே வந்து பார்க்கவில்லை. அவள்தான் குழந்தையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எடுங்க," என்றாள். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் ஒரு குட்டி யானை வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றி, வடக்கனந்தலுக்கு அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். அந்த அறையில் ஒன்பதாவது ஆளாகக் குழந்தை. அந்த அம்மா கீழே வந்து குழந்தையின் உள்ளங்கையில் ஐம்பத்தொரு ரூபாய் வைத்தார். கன்னத்தில் மை பொட்டு வைத்தார். இரண்டு மாதப் பாக்கியைப் பற்றிப் பேசவில்லை.

"மலயில இருந்து அந்தம்மா மறுபடி கேட்டாங்க," என்றார். "வேற வூடு கெடைக்கலயாம்."

இத்துடன் முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நிருபர் வேலையை விட்டேன். கள்ளக்குறிச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. கையில் பணம் சேர்ந்ததும், அந்த இரண்டு மாதப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். வைகாசியில் போனோம். குழந்தைக்கு ஒன்பது மாதம். வெறும் கையோடு போகக் கூடாது என்று ஒரு தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் பணத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டோம். அச்சகத்தில் எனக்கு விடுப்பு கிடைப்பது முகூர்த்த நாளில்தான். பத்திரிகை வேலையெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் ஒரு முகூர்த்த நாளில், காலை ஏழரைக்கு, தேங்காய் பழத் தட்டும் கைக்குழந்தையுமாக, அந்த லைன் வீட்டு வாசலுக்குள் நுழைந்தோம்.

நான் செய்த தவறு எனக்கு உடனே புரியவில்லை.

முதல் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். இரண்டாம் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. மூன்றாவதில் ஒருவர் எங்கள் தட்டையே பார்த்தபடி வாயில் பிரஷ்ஷோடு நின்றார். நாங்கள் அவரைத் தாண்டியதும் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மாடியைப் பார்த்தேன். சுவரில் பானை இல்லை.

ஐந்தாம் வீட்டு வாசலில், இரண்டு பக்க நிலையையும் கைகளால் பிடித்துக்கொண்டு மலைப் பெண் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். எங்களை அடையாளம் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் அவள் முகம் அதிகமாக மாறியது.

"நீங்களா?" என்றாள். "நீங்களா பாப்பா வந்தீங்க காய்ச்ச?"

"இல்லக்கா, நாங்க—"

"மரவள்ளி வெல வுழுந்து போச்சு. கெழங்க நோண்டற கூலிகூட வரல. எம் பொண்ணுக்குப் பரீட்ச நடக்குது, பத்து நாளு. பத்து நாளுல நாங்களே மலைக்கிப் போயிடறோம். தம்பி, நீங்க சொல்லுங்க. பத்தே நாளு."

நான் தட்டைத் தரையில் வைத்து, தோள்பையையும் கவிழ்த்துக் கொட்டினேன். குழந்தையின் துணி, பால் புட்டி, தண்ணீர் பாட்டில். "பால் இல்லக்கா, பாருங்க. பாக்கி கொடுக்க வந்தோம்." அவள் குழந்தையின் பால் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

மாடிப் படியில் காலடி கேட்டது. அந்த அம்மா கையில் பானையோடு, ஒவ்வொரு படியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அட, தங்கமா வளந்துட்டாளே!" குழந்தையின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். நான் உறையை நீட்டினேன். வாங்கி, பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் கேட்டனா தம்பி?" என்றார். பிறகு, "நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. ஒரு குடும்பம் வருது. பால் காய்ச்சறாங்க. இருந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

தெருவில் ஆட்டோ நின்றது. ஒரு இளம் தம்பதி இறங்கினார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட இருக்காது; அவள் தாலிக்கயிற்றில் மஞ்சள் போகவில்லை.

என் மனைவி குழந்தையை என்னிடம் கொடுத்தாள். நிலையைப் பிடித்திருந்த மலைப் பெண்ணின் கையை மெல்ல விலக்கி, அவளையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அடுப்பை ஒட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

விளக்கு ஏற்றினார்கள். பானையில் பால் ஊற்றினார்கள். புதுப் பெண் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கைகூப்பி நின்றாள்.  ஆடை கட்டியது. நுரை ஓரத்தில் ஏறியது. நான் வாசலில் குழந்தையோடு நின்று, அந்த ஒரு விரல் இடைவெளியை மறுபடியும் பார்த்தேன்.

என் மனைவி கையை நீட்டித் திருகை அணைத்தாள்.

"பாலு தண்ணியா கீதும்மா," என்றாள், புதுப் பெண்ணைப் பார்த்து. "இந்த வூட்டுல இன்னிக்கி வேணாம்."

புதுப் பெண் பயந்து கணவனைப் பார்த்தாள். அந்த அம்மா திருகைப் பார்த்தார். பிறகு என் மனைவியை. பிறகு என் கையிலிருந்த குழந்தையை.

"அப்பிடியா," என்றார்.

தெருமுனைக்கு வந்து திரும்பிப் பார்த்தோம். மாடிக் குழாயடியில் அவர் குனிந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பானையைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் கவிழ்த்தார். வெயில் பட்டு அது மின்னியது. அடியில் நெளிந்து தட்டி எடுத்த இடம் இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

"அடுத்த முகூர்த்தம் எப்போ?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்தத் தேதிக்கு நான்கு கல்யாணப் பத்திரிகை நான் பிழை பார்த்திருந்தேன். "எட்டு நாள்ல."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"அன்னிக்கும் லீவு சொல்லிடுங்க," என்றாள்.